சினேகா எடுத்த இரண்டாவது பிஸ்கட்

அலையோசைக்கும் லாரியோசைக்கும் நடுவே அகரத்தின் ஓசை அடங்கிவிடாமல் காத்து நிற்கும் பள்ளியின் தலைமையாசிரியை, இந்த விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஜானட் அம்மையார் அவர்களே! முன்வரிசை நாற்காலிகளை முறையாகப் பிடித்துக்கொண்டு, முழுப் பேச்சையும் கேட்டுவிட்டுத்தான் போவோம் என்று முடிவோடு அமர்ந்திருக்கும் மூத்தவர்களே! விடியுமுன் விழித்து, மீனுக்கு விலை பேசி, வெயிலில் வீதி சுற்றி, வீடு திரும்பியதும் உலை வைக்கிற என் தாய்க்குலமே! கடலை நம்பி வாழும் அண்ணன்மார்களே! கடையை நம்பி வாழும் அண்ணாச்சிமார்களே! துறைமுகத்துப் பாரத்தைத் தோளில் தாங்கும் தோழர்களே! மேடைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு, இந்த அம்மா எப்போது முடிப்பாள், சுண்டல் எப்போது வரும் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் என் செல்லங்களே! உங்கள் எல்லோருக்கும் டோரதியின் நெஞ்சு நிறைந்த வணக்கம்!

என்ன? பின்னால் கேட்கவில்லையா? காசிமேட்டில் மீன் ஏலம் கூறுகிறவள் நான். நான் வாய் திறந்தால் கரையில் நிற்கிறவனுக்கும் கேட்கும், படகில் தூங்குகிறவனுக்கும் கேட்கும். இந்த மைக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிடட்டுமா? வேண்டாம் என்று மைக்செட்காரர் கும்பிடுகிறார். சரி நைனா, உன் பொழப்பை நான் கெடுக்கல.

அன்பர்களே! பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி என்கிற முறையில் எனக்கு இன்று ஒரு கட்டளை. மழலையர் வகுப்பின் மாணவர் சேர்க்கை விவரத்தை மேடையில் வாசிக்க வேண்டுமாம். மொத்தம் எத்தனை பிள்ளைகள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தத் தெருவிலிருந்து எத்தனை. வாசிப்பேனா? வாசிக்க மாட்டேன்! பயமா? இல்லை. தெரியாதா? எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கையை நான் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால், இதோ இந்தத் தாய்மார்கள் என்னை உயிரோடு வீட்டுக்கு அனுப்புவார்களா? பிள்ளைகளை எண்ணக் கூடாது, எண்ணினால் கண்ணு படும். இது நம் பக்கத்து வழக்கம். போன ஆண்டு அந்த வழக்கம் இந்த வகுப்பையே இழுத்து மூடப் பார்த்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் நான் மேடை ஏறினேன்.

போன ஆண்டு வைகாசி. பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தெருத் தெருவாகக் கணக்கெடுக்க வந்தார்கள். வந்தவர்கள் எதைக் கண்டார்கள்? பூட்டு! இந்த வீட்டில் பூட்டு. எதிர்வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டில் பெரிய பூட்டு! மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகுகளையெல்லாம் கரையில் கட்டிப்போடுகிற தடைக்காலம் அது. படகு கட்டிக் கிடந்தால் பானை எப்படிக் கொதிக்கும்? ஆண்கள் கொத்து வேலைக்கும் கூலி வேலைக்கும் வெளியூர் போய்விட்டார்கள். பெண்கள் பிள்ளைகளோடு பழவேற்காட்டுச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கடைக்கார அண்ணாச்சிமார்களோ, ஷட்டரை இறக்கிவிட்டுக் குடும்பத்தோடு சொந்த ஊர்க் கோயில் கொடை விழாவுக்குத் தெற்கே ரயிலேறிவிட்டார்கள். பூட்டைப் பார்த்தவர்கள் என்ன எழுதுவார்கள்? பிள்ளை இல்லை என்றுதான் எழுதினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பூட்டு வாய் திறந்து பேசுமா?

பள்ளி திறந்தது. மழலையர் வகுப்பில் ரமாபாய் டீச்சர் இருந்தார், சுவரில் புதிதாகத் தீட்டிய யானை இருந்தது, குதிரை இருந்தது, பிள்ளைகள்தான் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குழந்தைகள், அவ்வளவே. உடனே மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. ஒரு அதிகாரி அம்மா நேரில் வருவார். கூடம் நிறைந்திருந்தால் வகுப்பு இங்கே நடக்கும். இல்லையென்றால் பெரிய சாலைக்கு அந்தப்புறம் இருக்கும் பள்ளியோடு சேர்ந்துவிடும்.

பெரிய சாலை! வெளியூர்க்காரருக்கு அது சாலை. நமக்கு அது என்ன? கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசை கட்டி நிற்கிற இரும்புச் சுவர். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே பெரியவர்களே உடம்பை ஒடுக்கித்தான் நுழைய வேண்டும். வண்டியோட்டுகிறவருக்குக் குள்ளப் பிள்ளை கண்ணில் படாது. அன்றைக்கு நடந்த குழுக் கூட்டத்தில் கன்னியம்மா எழுந்து நின்றாள். அதோ, மூன்றாவது வரிசையில், தலையைக் குனிந்துகொள்கிறாளே, அவள்தான். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்றுவிட்டு, வெயில் உச்சிக்கு வந்தபின் திரும்புகிறவள். அவளுக்கு நாலு வயதில் ஒரு மகள், சினேகா.

"அக்கா, இந்த ஸ்கூல்னா வூட்டு வாசல்ல நின்னா தெரியுது, பக்கத்து வூட்டுப் புள்ளைங்களோட நடந்து வந்துடும். அந்த லாரிங்களுக்கு நடுவுல இத்த யாரு இட்டுகினு போவா? வகுப்பு அங்க பூட்ச்சுன்னா எம் பொண்ணு படிக்காது. என்னோட ஐஸ் பொட்டிகிட்டதான் குந்திக்கும், நான் குந்தினு இருந்த மாரி."

சொல்லிவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வகுப்பு இடம் மாறுவது காகிதத்தில் ஒரு வரி. கன்னியம்மாவுக்கு அது மகளின் வாழ்க்கை.

அப்புறம் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். தடைக்காலம் முடியட்டும். படகு கடலுக்குப் போகும், குடும்பம் வீட்டுக்கு வரும், பிள்ளை பள்ளிக்கு வரும். அதிகாரி அம்மாவை எந்த நாளில் வரச் சொல்லலாம்? "தடை முடிஞ்சு மொத படகு கரைக்கு வர்ற அன்னிக்கு! அன்னிக்குத்தான் ஊரே இங்க இருக்கும்!" என்றார்கள். ஆகா, அருமையான யோசனை! எல்லோரும் கை தூக்கினோம். கை தட்டினோம். டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

சிரிக்கிறீர்கள் அல்லவா? இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் சிரிக்கிறீர்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் எதற்கென்று தெரியாமல் விழிக்கிறார்கள். முதல் படகு திரும்பும் நாளில் ஊரே இங்கேதான் இருக்கும். ஆனால் எங்கே இருக்கும்? வீட்டிலா? பள்ளியிலா? துறைமுகத்தில்! கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, பூ போட்டு, புதுமீன் பார்க்கிற பெருவிழா அல்லவா அது! அன்றைக்குக் கைக்குழந்தையை யாராவது வீட்டில் விட்டு வருவார்களா? இத்தனை பேர் கை தூக்கினோமே, ஒருவருக்காவது இது தோன்றியதா? உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் இப்படியொரு நாளைக் குறித்துக் கொடுக்க மாட்டான்.

அந்த நாள் வந்தது. கரையில் காலெடுத்து வைக்க இடமில்லை. கூடை கூடையாக வஞ்சிரம், கொட்டிக் குவித்த நெத்திலி, வாளி வாளியாக நண்டு. நான் ஏலத்தின் உச்சத்தில் நிற்கிறேன். சுற்றிலும் வியாபாரிகள் விலை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். இடுப்பில் செருகிய போன் அடிக்கிறது. ரமாபாய் டீச்சர்.

"அக்கா, மேடம் வந்துட்டாங்கக்கா. கூடத்துல ஒரு குழந்த இல்ல. சுத்திச் சுத்திப் பாக்குறாங்க, சுவத்துல இருக்குற யானையத்தான் பாக்குறாங்க. நான் இன்னாக்கா சொல்றது?"

தாய்மார்களே, ஏலம் என்பது பாதியில் நிற்குமா? என் அம்மா செத்த செய்தி வந்தபோதுகூடக் கூறிய குவியலைக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். அன்றைக்கு நிறுத்தினேன். மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினேன். எந்தக் குரலில் வஞ்சிரத்தைக் கூறினேனோ, அதே குரலில் கூவினேன். "எல்.கே.ஜி. புள்ளைங்கள்லாம் எங்கடா கீறீங்க! பெத்தவங்கள்லாம் இன்னா பண்ணிகினு கீறீங்க! மேடம் வந்துட்டாங்கடீ! வகுப்பு பூடுதுடீ!"

அடடா, அந்தக் காட்சியை நான் எந்தத் தமிழில் சொல்வேன்! வலைக் குவியலின் பின்னாலிருந்து ஒன்று வந்தது. படகின் மேலிருந்து ஒன்று இறங்கியது. ஐஸ் பெட்டியின் மறைவிலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. கன்னியம்மா சினேகாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தலையில் கூடையோடு ஓடி வருகிறாள். ஆனால் இத்தனை பிள்ளைகளையும் நடத்திக் கூட்டிப் போவதற்குள் அதிகாரி அம்மா கிளம்பிவிடுவாரே! என்ன செய்வது? எப்படிப் போவது? எதிரே நின்றது வசீமின் மூன்று சக்கர மீன்பாடி வண்டி!

கைதட்டுங்கள், கைதட்டுங்கள், வசீம் அங்கேதான் நிற்கிறான்! வண்டி நிறைய ஐஸ் ஏற்றியிருந்தான். "எறக்குடா" என்றேன். "இன்னாக்கா, உருகிப்பூடும்க்கா" என்றான். "ஐஸ் நாளைக்கும் கெடைக்கும், வகுப்பு கெடைக்குமாடா?" என்றேன். அவ்வளவுதான், மறுபேச்சுப் பேசாமல் அத்தனையையும் தரையில் தள்ளினான். அவனைப் பார்த்து அவன் தோஸ்துகளும் அவரவர் வண்டி ஐஸைத் தள்ளினார்கள். பலகையை ஒரு வாளித் தண்ணீர் விட்டுக் கழுவி, சாக்கு விரித்து, பிள்ளைகளை ஏற்றினோம். முன்னால் வசீம் வண்டி, பின்னால் இன்னும் வண்டிகள், அதற்குப் பின்னால் கூடையோடு தாய்மார்கள், கல்மண்டபம் வழியாக வந்தது எங்கள் ஊர்வலம்! ஹாரன் அடித்த லாரிக்காரர்கள் எல்லாம் அடங்கி ஒதுங்கி நின்றார்கள். தேர் வந்தால்கூட நம் தெரு அப்படி வழி விட்டதில்லை.

வாசலில் அதிகாரி அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டு நிற்கிறார். அவர் முன்னால் வந்து நிற்கின்றன வண்டிகள். சட்டையெல்லாம் செதில், காலெல்லாம் மணல், ஒருத்தன் கையில் உயிர் நண்டு! அந்த அம்மா நல்லவர். முகம் சுளிக்கவில்லை. சிரித்துவிட்டார். "எல்லாம் இந்த வகுப்புக் குழந்தைகளா? உட்கார வையுங்க, எண்ணிக்கிறேன்" என்று விரலை நீட்டினார்.

நீட்டிய விரலைப் பிடித்துக்கொண்டாள் கன்னியம்மா!

"வேணாம் மேடம். வெரல நீட்டி எண்ணாதீங்க. புள்ளைங்களுக்குக் கண்ணு பட்டுடும்."

"எண்ணாம நான் எப்படிம்மா எழுதறது? நான் எழுதலைன்னா வகுப்பு இருக்காதே."

யார் வகுப்பு வேண்டும் என்று கூட்டத்தில் அழுதாளோ, அவளேதான் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்! எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். "வுடுடி கைய!" என்று கத்தினேன். விடவில்லை. மற்ற தாய்மார்களும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டு பிள்ளைகளை முந்தானையில் மறைத்தார்கள். பேஜாரு என்றால் இப்படியா ஒரு பேஜாரு! அதிகாரி அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். ரமாபாய் டீச்சர் கண்ணைத் துடைக்கிறார். துறைமுகத்திலிருந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்த வகுப்பு வாசற்படியிலேயே போகப் போகிறது.

அப்போது எதிர்ச்சாரியிலிருந்து ஒரு குரல். கொடை முடிந்து முந்தின நாள்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தார் மளிகைக்கடை உச்சிமாகாளி அண்ணாச்சி. கடையிலிருந்த பெரிய பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார்.

"எம்மா, பிள்ளையள எதுக்கு எண்ணுதீய? எங்க ஊர்லயும் எண்ண மாட்டோம்லா. முதல்ல பிஸ்கட்ட எண்ணிக்கிடுங்க. ஆளுக்கு ஒண்ணு குடுப்போம். பொறவு டப்பாவுல எத்தன கொறஞ்சிருக்குன்னு பாருங்க. பிஸ்கட்டுக்கு என்ன, கண்ணா படப்போவுது?"

அடி சக்கை! கன்னியம்மா விரலை விட்டாள். பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ரமாபாய் டீச்சர் டப்பாவை நீட்ட, ஒவ்வொரு கையாக உள்ளே போய் வந்தது. மீன் பிடிக்கிறவர் பிள்ளையின் கை, கடைக்காரர் மகளின் கை, வியாசர்பாடியிலிருந்து இங்கே குடிவந்தவர் பிள்ளையின் கை, எண்ணூர்ப் பக்கம் வேலைக்கு வந்த ஒடிசாக்காரர் மகளின் கை. தமிழில் ஒரு சொல் தெரியாமல் வந்த அந்தக் குட்டி, இன்றைக்கு என்னையே "இன்னாக்கா, சோறு துன்னியா?" என்று கேட்கிறது! டப்பாவில் எவ்வளவு குறைந்தது? சொல்ல மாட்டேன். வேண்டியதற்கு மேலேயே குறைந்தது. வகுப்பு நின்றது! நம் தெருவிலேயே நின்றது!

இருங்கள், இருங்கள், முடிக்கவில்லை. சுண்டல் எங்கும் போய்விடாது. அதிகாரி அம்மா எழுதப் போகும்போது ஒன்றைக் கவனித்தார். சினேகாவின் இரண்டு கையிலும் பிஸ்கட். "பாப்பா, நீ மட்டும் ரெண்டு எடுத்தியா?"

"ஒண்ணு எனுக்கு. ஒண்ணு எங்க வரதனுக்கு. அவன் அட்த்த வர்சம் வருவான்."

வரதன் அவள் தம்பி. அப்போது பள்ளிக்கு வரும் வயசில்லை, நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். அதிகாரி அம்மா ஒன்றைக் கழித்து எழுதிக்கொண்டார். கழித்துவிட்டு அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். சினேகா அந்த பிஸ்கட்டைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம்பி வாயில் ஊட்டினாள். எல்லோரும் அதோடு மறந்துவிட்டோம்.

அவள் மறக்கவில்லை. இந்த ஆண்டு ஆனி வந்தது. அதற்கு முன்னால் உங்களை ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் கேட்பேன். நம் மழலையர் வகுப்பில் ஏன் பெண்பிள்ளைகள் அதிகம், ஆண்பிள்ளைகள் குறைவு? நம் தெருவில் பையன்களே பிறப்பதில்லையா? பிறக்கிறார்கள்! காலையில் தெருமுனையில் போய் நின்று பாருங்கள். டை கட்டி, ஷூ மாட்டி, வேனில் ஏறுவது யார்? பையன். தம்பிக்குக் கை காட்டிவிட்டு, நடந்து நம் பள்ளிக்கு வருவது யார்? பொண்ணு. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு பாதையா? பொண்ணுக்குப் போதும் என்று நினைக்கிற பள்ளி பையனுக்கு மட்டும் ஏன் போதாது? என்ன அண்ணே, செருப்பைத் தேடுகிறீர்கள்? உட்காருங்கள், உங்களைத்தான் சொல்கிறேன்.

கன்னியம்மா வீட்டிலும் அதேதான். அவள் வீட்டுக்காரர் மகனுக்கு வேன் பேசிவிட்டார். கன்னியம்மா எவ்வளவோ சொன்னாள், கேட்கவில்லை. "ஆம்பளப் புள்ள, பெரிய ஸ்கூல்ல படிக்கட்டும்" என்றார். முதல் நாள் காலை. வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறது. வரதன் கழுத்தில் டை தொங்குகிறது. அப்பா அவனைத் தூக்குகிறார். வாசற்படியின் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றாள் சினேகா.

"ப்பா, அவன் எங்க ஸ்கூல் பிஸ்கட்ட துன்னுட்டான். துன்னுட்டு எப்டிப்பா வேற ஸ்கூல் போவான்? அது கள்ளாட்டம்ல?"

அப்பா என்ன செய்வார்? சிரித்தார். சிரித்துக்கொண்டே சமாதானம் சொல்லிப் பார்த்தார். அவள் நகரவில்லை. "மேடம்கிட்ட சொல்ட்டேன். டீச்சர்கிட்ட சொல்ட்டேன். துன்னவன் வரணும்." வேன் இன்னொரு ஹாரன் அடித்தது, நின்று பார்த்தது, போய்விட்டது. அப்பா மகனைத் தோளில் வைத்துக்கொண்டு, டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நம் பள்ளி வாசலுக்கு நடந்து வந்தார். இதோ, பாயில் முதல் வரிசையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறானே, இவன்தான் வரதன்!

தாய்மார்களே! தோழர்களே! அந்தக் குழந்தை அப்பாவிடம் கேட்டதை நான் இப்போது உங்களிடம் கேட்கிறேன். இந்தப் பந்தலில் இருப்பவர்களில் இந்தப் பள்ளியில் படித்தவர்கள் எத்தனை பேர்? இந்தக் கொல்லைப்புறத்தில் தட்டேந்தி உட்கார்ந்து மதியச் சோறு தின்றவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள்! நான் தின்றேன், இதோ என் கை! தூக்குங்கள் அண்ணே, வெட்கமென்ன! அங்கே, இங்கே, கடைசி வரிசையில், மேடையில், மைக்செட்காரரே, நீங்களுமா! அப்பப்பா, கைகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லையே! பயப்படாதீர்கள், நான் எண்ணவில்லை.

இப்போது சொல்லுங்கள். இந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தோம். இந்தச் சுவரைப் பார்த்து எழுத்துக் கற்றோம். துன்னுட்டு நம் பிள்ளை எப்படி வேறு ஸ்கூல் போவான்? அது கள்ளாட்டமா, இல்லையா? கள்ளாட்டம்தான் என்று பிள்ளைகள் கத்துகிறார்கள், கேட்கிறதா? பிள்ளைகள் நிறைந்தால் வகுப்பு நிலைக்கும். வகுப்பு நிலைத்தால் இன்னொரு டீச்சர் வருவார், இன்னொரு கூடம் எழும். காலி பெஞ்சைக் காட்டிக் கேட்டால் எவன் தருவான்? நம் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுக் கேட்போம், நான் கேட்கிறேன், இந்தக் குரலில் கேட்கிறேன், தராமல் போகட்டும் பார்க்கலாம்!

என்ன அண்ணாச்சி, எழுந்து நிற்கிறீர்கள்? உங்கள் பேரனும் வேனில்தானே போகிறான்? என்ன சொல்கிறார், சத்தமாகச் சொல்லுங்கள். "திங்கக்கிழம கூட்டிட்டு வாரேன், ஆள விடும்மா" என்கிறார்! தட்டுங்கள் கையை!

கூட்டம் முடிந்ததும் அண்ணாச்சி அதே டப்பாவோடு வாசலில் நிற்பார். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்த வயதுப் பிள்ளை இருந்தால், அதற்கென்று ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் யோசித்து எடுங்கள். டப்பாவுக்குப் பக்கத்தில் சினேகா நிற்பாள். முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்வாள். எடுத்தவர்கள் திங்கட்கிழமை பிள்ளையோடு வர வேண்டும்.

வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கும், வாய் வலிக்கப் பேசியும் எழுந்து போகாத உங்களுக்கும், ஐஸைத் தள்ளிய கைகளுக்கும், அந்த இரண்டாவது பிஸ்கட்டை எடுத்த சின்னக் கைக்கும் என் நன்றி. சுண்டல் வருகிறது, பிள்ளைகளே. வணக்கம்!